சாத்தூராள் அசைபோட்ட மழைக்காலம்

கொம்பையாவை இடி அடித்தது ஐப்பசி மாதத்தில், பொழுது சாயப்போகிற நேரத்தில், தொட்டியங்கரடு என்ற ஊருக்குக் கிழக்கே விதைக்காமல் கிடந்த கரிசல் காட்டில். மழைக்கு ஒதுங்கி ஒற்றை உடைமரத்தின் அடியில் அவன் நிற்க, அவனை ஒட்டிக்கொண்டு அவன் கிடையின் பெரிய ஆடுகள் எல்லாம் நிற்க, மேலிருந்து இறங்கிய வெளிச்சம் மரத்தையும் மனிதனையும் ஆடுகளையும் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டுப் போனது. குட்டிகள் மட்டும் தப்பின. அவை சற்றுத் தள்ளி, விளாரால் பின்னிக் கவிழ்த்து வைக்கிற குடாப்புக்குள், சில பிறந்த ஈரம்கூடக் காயாமல், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மழை விட்டபின் ஊர் ஓடிப்போய்ப் பார்த்தபோது காட்டில் இரண்டு சத்தங்கள்தான் இருந்தன. ஒன்று, குடாப்புக்குள்ளிருந்து குட்டிகள் கத்துகிற சத்தம். மற்றது, செத்துக் கிடந்த ஆடுகளின் நடுவில், கால்களை மடக்கிப் படுத்தபடியே செத்துப்போயிருந்த சாத்தூராள் அசைபோடுகிற சத்தம்.

சாத்தூர்ச் சந்தையில் வாங்கி வந்ததால் அந்தக் கிழட்டு ஆட்டுக்கு அந்தப் பெயர். அது செத்துப்போனதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண் நிலைத்துவிட்டது, மூக்கில் மூச்சில்லை, காதைத் தொட்டால் மழைத்தண்ணீரின் குளிர்ச்சிதான் இருந்தது. கீழ்த்தாடை மட்டும் இடமும் வலமுமாக, அவசரமில்லாமல், தினமும் உச்சிப்பொழுதில் மரநிழலில் படுத்து எப்படி அரைக்குமோ அப்படியே அரைத்துக்கொண்டிருந்தது. அரைத்ததை விழுங்கியபின் சற்று நேரம் சும்மா இருக்கும், பிறகு கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறி வாய்க்கு வந்து சேரும், தாடை மறுபடியும் தொடங்கும்.

மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் கொம்பையாவை அறுத்துப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, ஆடுகளைப் புதைக்கச் சங்கிலி என்பவன் பெரிய குழியாக வெட்டினான். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்கள். சாத்தூராளையும் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அது கிடந்து அசைபோட்டது. சங்கிலி ஒரு கூடை மண்ணை அள்ளித் தலைக்கு மேலே தூக்கியவன், தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, மென்றுகொண்டிருக்கிற வாயில் மண்ணைப் போட்டால் அது நம் வாயில் போட்டுக்கொள்வதற்குச் சமம், என்னால் ஆகாது என்றான். நின்றவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆளுக்கொரு கால் பிடித்து வெளியே தூக்கி, மற்றவற்றின்மேல் மண் தள்ளிவிட்டு, குடாப்புக் குட்டிகளோடு சேர்த்து அதையும் டிராக்டரில் ஏற்றினார்கள். இப்படியாக, கொம்பையா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே சாத்தூராள் வீடு வந்து சேர்ந்தது.

வீட்டில் கொம்பையாவின் மனைவி ஆவுடைத்தாய் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், உயரமானவள், கட்டிக்கொடுத்த ஒரே மகள் திருப்பூரில் இருக்க, கொம்பையாவும் அவளும் ஆடுகளுமாக இருந்த வீடு அது. டிராக்டர் வந்து நின்றபோது பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தலையை விரித்துப் பாட ஆரம்பித்திருந்தார்கள். அவள் எழுந்து, அவர்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னாள். குட்டிகளை இறக்க இடம் வேண்டும் என்றாள். இறக்கினாள். சாத்தூராளைத் தொழுவத்தின் மேற்கு மூலையில் கிடத்தச் சொன்னாள். பிறகு வந்து, தான் முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அடுத்த நாள் கொம்பையாவை எடுத்தபோதும் இல்லை. மகள் வந்து புரண்டு அழுது, தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சி, முடியாமல் திரும்பிப்போனபோதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், வைத்ததைத் தின்றாள், படு என்றால் படுத்தாள். அவளைக் கிள்ளிப் பார்த்த ஒருத்தி, ஈரத்துணியைக் கிள்ளியது மாதிரி இருந்தது என்று வெளியே வந்து சொன்னாள்.

ஊருக்குச் செத்த ஆடு அசைபோட்டது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆவுடைத்தாய் அழாமலிருந்ததுதான் பெரிய விஷயமாகப் பட்டது. பெண்கள் முறைவைத்து வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவுகளையெல்லாம் சொல்லித் தான் அழுதுவிட்டுப் போனாள். வந்த இடத்தில் சாத்தூராளையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள், ஈ மொய்க்கவில்லை, வாடை இல்லை, காக்கா வந்து உட்கார்ந்துவிட்டுக் கொத்தாமல் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு அந்தத் தாடை அரைக்கும் சத்தம் கேட்டால்தான் பால் பொங்குவதற்கு முன்னால் இறக்க முடிந்தது. தூக்கம் கெட்ட ஒரு பெரியவர் பகலில் வந்து தொழுவச் சுவரில் சாய்ந்து, அதைக் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினார். கோவில்பட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் செல்போனில் படம் பிடித்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார். பார்த்தவர்கள், ஆடு அசைபோடுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அதோடு வெளியூர்க் கூட்டம் வரவில்லை.

சிக்கல் வந்தது கோயிலில்தான். ஊருக்குள் பிணம் கிடந்தால் நடை திறக்கக்கூடாது என்பது வழக்கம். கொம்பையாவை எடுத்தாகிவிட்டது, ஆனால் அவன் தொழுவத்தில் கிடப்பது என்ன என்று கேட்டார்கள். பூசாரி வந்தார். சாத்தூராளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதில் மாட்டியிருந்த துளசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் கேட்டார். கழுத்தில் உருண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். மெல்லுகிற வாய் இருக்கிற உடம்பைப் பிணம் என்று தன்னால் சொல்ல முடியாது, உயிர் என்றும் சொல்ல முடியாது, சாமிக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் அது சொல்லட்டும் என்றார். நடை திறந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் குட்டிகள் சாகத் தொடங்கியிருந்தன.

மாட்டுப்பாலையும் வெள்ளாட்டுப் பாலையும் புட்டியில் ஊற்றி ஆவுடைத்தாய் ஒவ்வொன்றுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். குடித்தன. குடித்துவிட்டுக் கழிந்தன. வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. புல்லை வாயருகே கொண்டுபோனால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன, சுவரை நக்கின, மண்ணைத் தின்றன, ஒன்றின் மயிரை ஒன்று கடித்து விழுங்கின. காலையில் குடாப்பைத் தூக்கினால் ஒன்றோ இரண்டோ விறைத்துக் கிடக்கும். அவள் அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து மற்றவற்றுக்குப் பால் காய்ச்சுவாள்.

கால்நடை மருந்தகத்தின் டாக்டர் ஷமீலா அப்போதுதான் வந்தாள். சுற்றுவட்டாரத்துக் கிடைகளில் நீலநாக்கு நோய் இறங்கியிருந்ததால் அவளுக்கு ஊர் ஊராக அலைச்சல். சின்ன வயது, கணுக்கால்வரை கரிசல் சேறு. குட்டிகளின் வயிற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு அவள் ஆவுடைத்தாயிடம் சொன்னது இதுதான்: பிறக்கும்போது குட்டியின் பெருவயிறு ஆளில்லாத வீடு. புல்லைச் செரிக்க வைப்பது ஆடு இல்லை, அதன் வயிற்றுக்குள் கோடி கோடியாகக் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். தாய் நக்கும்போது, தாயின் வாயைக் குட்டி முகரும்போது, தாய் தின்று மீதி வைத்ததைக் கடிக்கும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக இந்த வீட்டுக்குக் குடிவரும். இந்தக் குட்டிகளுக்குத் தாயில்லை, அதனால் வீடு காலியாகவே கிடக்கிறது. நல்ல ஆட்டின் வயிற்றிலிருந்து குழாய் விட்டு அந்தத் தண்ணீரை எடுத்து, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் புகட்டினால் பிழைக்க வைக்கலாம். நல்ல ஆடுதான் வேண்டும். அக்கம்பக்கத்துக் கிடை எதிலும் இப்போது எடுக்கக்கூடாது, எல்லாவற்றிலும் நோய்.

ஆவுடைத்தாய் தொழுவத்தின் மேற்கு மூலையைக் கையால் காட்டினாள்.

டாக்டர் அதன் பக்கத்தில் மண்டியிட்டு நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். பிறகு இடது விலாவுக்குப் பின்னால் வைத்துக் கேட்டாள். உடம்பெல்லாம் கல்லாகக் குளிர்ந்திருக்க அந்த ஓரிடம் மட்டும் புதிதாக ஈன்ற ஆட்டின் மடிபோலச் சூடாக இருந்தது. கடல் தூரத்தில் புரளுவது மாதிரி உள்ளே ஒன்று புரண்டுகொண்டிருந்தது.

"நெஞ்சுல ஒண்ணும் இல்லக்கா" என்றாள் டாக்டர். "வயிறு இருக்கு."

"அது போதுமா?"

"போதும்."

மெல்லிய குழாயை மென்றுகொண்டிருந்த வாயின் ஓரமாக உள்ளே விட்டார்கள். சாத்தூராள் அதை எச்சில் கூட்டி விழுங்கிக்கொண்டது. பச்சையும் பழுப்புமாகச் சுடச்சுட வந்தது. டாக்டர் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, ஜீப்பில் கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆவுடைத்தாயையும் பார்க்கச் சொன்னாள். அந்த வட்டத்துக்குள் திருவிழாக் கூட்டம் மாதிரி உருண்டையும் நீளமுமாக ஏதேதோ முட்டிமோதி ஓடிக்கொண்டிருந்தன. ஆவுடைத்தாய் பார்த்தாள், நகர்ந்துகொண்டாள். டீக்கடையிலிருந்து பிளாஸ்க் வந்தது. கொம்பையாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து அவள் வடிகட்டினாள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, குட்டியின் கடைவாய் வழியாக, மூச்சுக்குழாய்க்குப் போகாதபடி மெதுவாக எப்படிப் புகட்டுவது என்று டாக்டர் காட்டிக்கொடுத்தாள். தினமும் காலையில் கொஞ்சம், எல்லாக் குட்டிக்கும் முறைவைத்து, என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அந்த மழைக்காலம் முழுவதும் தொட்டியங்கரட்டில் காலை என்பது சாத்தூராளிடம் அசைத்தண்ணீர் எடுக்கிற நேரம் என்றாகிவிட்டது. டீக்கடைக்காரர் முதல் வெந்நீரைப் பிளாஸ்க்கில் ஊற்றிச் சூடேற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கிவைத்துக் குட்டிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சங்கிலி வந்து சாத்தூராளின் தலையைத் தொடையில் தாங்கிக்கொள்வான். அதற்குக் கொம்பையாவை விடத் தன்னைத்தான் அதிகம் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்தான். புகட்டிய குட்டிகளுக்குக் கழிச்சல் நின்றது. சுவரை நக்குவதை விட்டுவிட்டு அவை அருகம்புல் நுனியை இழுத்துப் பார்த்தன. உப்பியிருந்த வயிறு வடிந்து, இடது பக்கம் மட்டும் கையளவு நிறைந்தது. ஆவுடைத்தாய் அதைத் தடவிப் பார்ப்பாள், இறக்கிவிடுவாள், அடுத்ததைத் தூக்குவாள். சந்தோஷப்படுகிறாளா என்று பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

வேட்டித்துணியில் வடிகட்டி மிஞ்சுவதில், கொம்பையா கடைசியாக மேய்த்த பகலெல்லாம் இருந்தது. கொழுஞ்சி இலை, கருவை நெற்று, ஓடைக்கரையில் மட்டுமே முளைக்கிற ஒரு கொடியின் துண்டு. அதைப் பார்த்து, அன்றைக்கு ஓடைப்பக்கமாகப் போய்த்தான் கிழக்கே திரும்பியிருக்கிறார் என்று சங்கிலி சொன்னான். ஒருநாள் டாக்டர் வந்திருந்தபோது துணியில் சோற்றுப் பருக்கைகளும் புளியில் வெந்த கத்தரிக்காய்த் துண்டுகளும் காம்போடு கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, வழித்து எடுத்தால் ஒரு கை வரும்.

ஆவுடைத்தாய் அதை வெகுநேரம் பார்த்தாள். அது அவள் சமைத்தது. இடி விழுந்த அன்றைக்குக் காலையில் தூக்குச்சட்டியில் போட்டு அவனுக்குக் கொடுத்தது.

டாக்டர் என்ன என்று கேட்டாள்.

"அவுகளுக்குக் கத்தரிக்கா புடிக்காது போலருக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "கல்யாணமான புதுசுல நல்லாருக்குன்னு சொன்னாக. அதுல இருந்து வாரத்துக்கு ரெண்டு மட்டம் வச்சுக் குடுத்துருக்கேன். சட்டி காலியாத்தான் வரும்."

சாத்தூராள் அரைத்துக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் துணியை உதறி, குப்பைக்குழியில் தட்டிவிட்டு வந்து, அடுத்த குட்டியின் வாயைத் திறந்தாள். அந்தச் செய்தி அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்து, பல வீட்டு ஆண்கள் அன்றிரவு என்ன சாப்பாடு என்றாலும் வாய்திறக்காமல் முழுவதும் சாப்பிட்டார்கள்.

கொம்பையாவின் அண்ணன் பலவேசத்துக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. அவன் ஊருக்குத் தெற்கே தனிக்கிடை வைத்திருந்தான். தம்பியும் அவனும் சின்ன வயதில் ஒரே கம்பளியில் படுத்து வளர்ந்தவர்கள். தம்பி செத்த நாளிலிருந்து அவனுக்கு எங்கே போனாலும், மழைச் சத்தத்துக்குள்ளும் ஆடுகளின் குளம்புச் சத்தத்துக்குள்ளும், அந்தத் தாடை அரைப்பதுதான் கேட்டது. கருமாதி முடிந்த கையோடு அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு வந்தான். வந்தவனை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அவன் முகம் அப்படி இருந்தது.

"ஆவுட, இத இன்னைக்கிப் பொதைச்சிருவோம்" என்றான். "இது வாய மூடாத வரைக்கும் அவன் போகமாட்டான். எங்கயோ நடுவுல நிக்கான். எனக்குத் தெரியுது."

ஆவுடைத்தாய் மடியில் கிடந்த குட்டியை இறக்கிவிடாமலேயே பதில் சொன்னாள்.

"குட்டிக இன்னும் புல்லு கடிக்கல அத்தான்."

"குட்டி பெருசா, தம்பி பெருசா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவன் கேட்டதை உள்ளே எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தவள்போல, "எனக்குத் தெரியல அத்தான்" என்றாள். "குட்டிக கத்துது. அது கேக்குது. வேற எதுவும் எனக்குக் கேக்க மாட்டேங்குது."

பலவேசம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டான். அதை எடுக்கவும் பிறகு வரவில்லை.

கார்த்திகை கழியக் கழிய சாத்தூராளின் விலா உள்ளே ஒடுங்கியது. முன்பு ஒரு செம்பு நிறைய வந்தது, பிறகு ஒரு டம்ளர்தான் வந்தது. புல்லை வாயில் வைத்தால் இரண்டு பக்கமும் வழிந்து விழுந்தது. உளுத்தம்பொட்டும் கம்பங்கூழும் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் வெளியேதான் வந்தது. புதிதாக எதையும் அது ஏற்கவில்லை. உள்ளே இருப்பதை மட்டுமே மேலே கொண்டுவந்து, அரைத்து, கீழே அனுப்பியது. இருப்பதை எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீரும் என்று டாக்டர் சொன்னாள். அதற்குள் எல்லாக் குட்டிகளும் தேறிவிட்டால் நல்லது என்றாள். அநேகமாக எல்லாம் தேறிவிட்டிருந்தன. மத்தியானத்தில் தொழுவ வாசலில் படுத்து, சின்னத் தாடையை இடமும் வலமுமாக ஆட்டிப் பழக ஆரம்பித்திருந்தன. இடி விழுந்த அன்று மழையிலேயே பிறந்த ஒற்றைக் குட்டி மட்டும், காது மடல் சிறுத்தது, நிற்கவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் சாக்கில் கிடந்தது. புகட்டியதையெல்லாம் அது கக்கிவிட்டது.

அந்த வாரத்தில்தான் நீலநாக்கு பலவேசத்தின் கிடைக்குள் நுழைந்தது. அவன் ஆடுகள் வாயில் நுரைதள்ளி, உதடு வீங்கி, கால் நொண்டி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டாக்டர் செய்வதைச் செய்தாள். பிழைத்தவை பால் வற்றிய சில ஆடுகள்தான். ஒருநாள் முற்பகலில், மழை வெறித்திருந்த நேரத்தில், பலவேசம் ஒரு பெரிய ஓலைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தான். இறக்கி வைத்தான். கூடைக்குள் குட்டிகள் இருந்தன. தான் சாய்த்துவைத்துவிட்டுப் போன மண்வெட்டிக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரும் சங்கிலியும் அப்போது சாத்தூராளின் பக்கத்தில் இருந்தார்கள். குழாயில் வந்தது ஒரு சிரிஞ்சுக்குத்தான் காணும். விலா துணிபோல ஒட்டியிருந்தது. இனி வராது என்று டாக்டர் சொன்னாள். பங்குபோட்டால் யாருக்கும் உதவாது, ஒன்றுக்குத்தான் போதும் என்றும் சொன்னாள்.

ஆவுடைத்தாய் கூடையைப் பார்த்தாள். சாக்கில் கிடந்ததைப் பார்த்தாள். பலவேசம் நிமிரவே இல்லை. அவள் சாக்குக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்து, முறை அதனுடையது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லாமல், கடைவாயில் சிரிஞ்சை வைத்து மெதுவாக அழுத்தினாள். கக்கிவிடாமலிருக்கக் கழுத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொட்டு இறங்கியது. சாத்தூராளின் தாடை வலதுபக்கம் போனது, இடதுபக்கம் வந்தது, மறுபடி வலதுபக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

எதிர்வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழித்துக்கொண்டு, யார் கூப்பிட்டது என்று கேட்டார். டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். ஊர் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து நின்றது. சாத்தூராள் செத்துப்போச்சு என்று யாரோ சொல்ல, எல்லோரும் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல வாயில் கைவைத்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் சங்கிலி குழி வெட்டினான், கூடை கூடையாக மண்ணைப் போட்டான், அதில் அவனுக்குத் தயக்கம் ஒன்றும் இருக்கவில்லை. பூசாரி அன்று நடையைச் சாத்தி, சாயங்காலம் திறந்தார். பலவேசம் குழியின் விளிம்பில் நின்று ஒரு பிடி மண் போட்டான். தாடைச் சத்தம் நின்றதும் தம்பி போய்விடுவான், தனக்கு நிம்மதி வரும் என்று அவன் நினைத்திருந்தான். நின்ற பிறகு காதுக்குள் ஒன்றுமே இல்லாமல் இருந்தது, அது இன்னும் பெரிதாக இருந்தது.

அவன் திரும்பி வந்து கூடையைத் தலைக்கு ஏற்றக் குனிந்தான்.

"இருங்க அத்தான்" என்றாள் ஆவுடைத்தாய்.

கூடைக் குட்டிகளுக்கு வேறு வழி உண்டா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னாள்: இருந்ததெல்லாம் இப்போது இங்கே தேறிய குட்டிகளின் வயிற்றில்தான் குடியிருக்கிறது. இவற்றுக்கு நோய் இல்லை. ஆனால் குழாய் விடுகிற வயது இல்லை, தொண்டை கிழிந்துவிடும். படுத்து அசைபோடும்போது உருண்டை வாய்க்கு வருமே, அதை வாயிலிருந்தே கையால் எடுத்தால் உண்டு. கஷ்டம். கடைப்பல் முளைத்துவிட்டது, கடித்துவிடும்.

உச்சிப்பொழுது ஆகிவிட்டிருந்தது. வெயில் எட்டிப் பார்த்தது. தொழுவ வாசலில் குட்டிகள் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாகக் கால் மடக்கிப் படுத்து, அரைக்கத் தொடங்கின. ஆவுடைத்தாய் பெரியதாக இருந்த ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் கழுத்தில் உருண்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டேயிருந்து, வாய்க்கு வந்ததும் தாடையைப் பிடித்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, கன்னத்தை ஒட்டி வழித்து எடுத்தாள். பச்சையாக, சூடாக, ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. பலவேசம் கூடையிலிருந்து ஒரு குட்டியை எடுத்து நீட்டினான். அதன் நாக்கின் அடியில் தடவினாள். அது முகத்தைச் சுளித்தது, பிறகு நக்கியது, விழுங்கியது. அடுத்ததை நீட்டினான். அவள் அடுத்த குட்டியின் கழுத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

மூன்றாவதோ நான்காவதோ, விரல் இன்னும் உள்ளே இருக்கும்போதே அந்தக் குட்டி தாடையை மூடிவிட்டது. புதிதாக முளைத்த கடைப்பற்கள், புல்லை அரைப்பதுபோல, இடமும் வலமுமாக அவள் விரலை அரைத்தன. டாக்டர் எழுந்து ஓடிவந்து தாடையை விலக்கினாள். நகத்துக்குக் கீழே தோல் பிய்ந்து ரத்தம் வந்தது.

ஆவுடைத்தாய் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடையதுதானா என்று பார்ப்பதுபோல இருந்தது. விரலில் விண்ணென்று தெறித்தது மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறி அங்கே நின்றது.

"வலிக்கு அத்தான்" என்றாள்.

பலவேசம் கையிலிருந்த குட்டியோடு அப்படியே நின்றான்.

"ரொம்ப வலிக்கு."

மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், விரலைக் கட்டு என்று அவன் சொன்னான். டாக்டரும் அதையேதான் சொன்னாள். கூடைக்குள் இன்னும் பாதிக்குமேல் இருந்தன, அவை கத்திக்கொண்டிருந்தன. ஆவுடைத்தாய் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் குட்டியின் கழுத்தில் உருண்டை ஏறிக்கொண்டிருந்தது. அது வாய்க்கு வந்ததும் அடிபட்ட அதே விரலை உள்ளே விட்டு வழித்தெடுத்தாள். எடுக்கும்போது வலியில் அவளுக்குச் சத்தம் வந்தது. முதலில் சின்னதாக வந்தது, அடுத்த குட்டிக்கு அதைவிடப் பெரிதாக வந்தது. அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி வந்து தொழுவ வாசலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள், யாரும் உள்ளே போகவில்லை. ஆவுடைத்தாயின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, கன்னத்தில் இறங்கி, தாடையில் தொங்கி, மடியில் கிடந்த குட்டியின் முதுகில் விழுந்தது. இரண்டு கையிலும் அசை இருந்ததால் துடைத்துக்கொள்ள அவளுக்கு வழியில்லை. பலவேசம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடி நின்றான். அவள் அவனைப் பார்த்து, துண்டு வேண்டாம், அடுத்த குட்டியைக் கொடுங்கள் என்றாள்.